பாரம் எந்த வழியாகப் போகிறது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று தரைத்தளச் சுவர்களை இடித்துவிட்ட அந்தக் கட்டடத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. “பாரம் தூண்கள்மேல்தானே, சுவர் போனால் என்ன?” என்று உரிமையாளர் கேட்கிறாராமே. மேல் மாடிகளில் செங்கல் சுவர்கள் ஃபிரேமை, அதாவது தூணும் பீமும் சேர்ந்த சட்டத்தை, விறைப்பாக வைத்திருக்க, கீழே வெறும் தூண்கள். நிலநடுக்கம் வந்தால் அசைவு முழுவதும் அந்த ஒரு தளத்தில்தான் குவியும். நீ விடாதே. கான்கிரீட் சுவரோ இரும்புக் குறுக்குத் தாங்கியோ வைக்கும்வரை சொல்லிக்கொண்டே இரு.

நான் இப்போது பணம் செலுத்தும் பக்கம் ஒன்றை வடிவமைக்கிறேன். கார்டு எண் கேட்கும் பெட்டி எங்கள் பக்கத்தின் பகுதிபோலவே தெரியும். உண்மையில் அது வேறொரு நிறுவனத்தின் பக்கம், ஐஃப்ரேமுக்குள் இருக்கிறது, அதாவது ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டத்துக்குள். எங்கள் நிரலால் அந்த எண்ணைப் படிக்க முடியாது. 1990-களில் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கொண்டுவந்த ஃபிரேம்கள் திரையைப் பங்கு போடத்தான் உதவின. புக்மார்க் செய்தால் வேறு பக்கம் திறக்கும். இணையப் பக்கங்களை எழுதும் மொழியின் எச்டிஎம்எல் 5 பதிப்பு அவற்றை ஒதுக்கியது நல்லதுதான். ஐஃப்ரேம் தங்கிவிட்டது, இப்போது அதுதான் வேலி.

வேலியிலும் ஆபத்து உண்டு. 2008-இல் கிளிக்ஜாக்கிங் பற்றிப் பெரிதாகப் பேச்சு வந்தது. ஒருவர் தன் பக்கத்துப் பொத்தான்மேல் இன்னொரு தளத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஐஃப்ரேமாக விரித்துவிடுவார். பார்ப்பவர் ஒன்றை அழுத்துவதாக நினைப்பார், அழுத்தம் வேறொன்றின்மேல் விழும். ‘என்னை ஃபிரேமுக்குள் வைக்காதே’ என்று ஒரு தளம் பிரவுசரிடம் சொல்ல எக்ஸ்-ஃபிரேம்-ஆப்ஷன்ஸ் என்ற குறிப்பு வந்தது அதனால்தான்.

இதை யோசிக்கும்போதெல்லாம் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டலின் தொங்கு நடைபாலங்கள் இடிந்து விழுந்த விபத்துதான் நினைவுக்கு வருகிறது. 1981 ஜூலை 17, 114 பேர் இறந்தார்கள். இரண்டாம் மாடி நடைபாலமும் நான்காம் மாடிப் பாலமும் கூரையிலிருந்து வரும் ஒரே நீளக் கம்பிகளில் தொங்குவதாகத்தான் முதல் வரைபடம். அதுவே கட்டட விதி கேட்ட பலத்தைத் தரவில்லை. செய்வதற்கு எளிதென்று ஒவ்வொரு கம்பியையும் இரண்டாக்கினார்கள். கீழ்ப் பாலம் மேல் பாலத்தின் பீமிலிருந்து தொங்கியது. வரைபடத்தில் சின்ன மாறுதல். ஆனால் மேல் பீமுக்கு அடியில் இருந்த நட்டுக்கு இரண்டு மடங்கு பாரம். அந்த இணைப்பை யாரும் மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

எங்கள் நட்டு என்றால் போஸ்ட்மெசேஜ் என்ற பிரவுசர் வசதிதான். ஃபிரேமும் வெளிப்பக்கமும் அதன் வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன. செய்தி எந்த முகவரியிலிருந்து வந்தது என்று சோதிக்க வேண்டும். அனுப்பும்போது யாருக்கு என்றும் குறிக்க வேண்டும். அவசரத்தில் அங்கே ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டுவிட்டால், ‘யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்’ என்று பொருள். திரையில் ஒரு புள்ளிகூட மாறாது. எனக்கு அதுதான் பயம். வடிவமைப்புக் கூட்டங்களில் ஓரத்தின் நிறம், வளைவு பற்றி நிறையப் பேசுகிறோம். இணைப்பைப் பற்றிக் கேட்பவர் குறைவு.

அப்புறம் ஒரு உதவி. கட்டும் இடத்திலிருந்து மாறுதல் வரைபடம் வந்தால் நீ முதலில் எதைப் பார்ப்பாய், எந்த வரிசையில் கேள்வி கேட்பாய் என்று விரிவாக எழுது. எங்கள் குழுவில் வைத்துப் படிக்கப் போகிறேன். உரிமையாளர் என்ன சொன்னார் என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்