பனிக்கட்டிக்கு உப்புப் பையைத் திறக்கும் முன்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டு நடைபாதையிலும் வண்டி நிறுத்தும் இடத்திலும் கான்கிரீட்டோ கல்லோ போட்டுக் கொடுத்தவர்கள் நாங்கள். குளிர்காலம் நெருங்கினாலே எங்களிடம் வரும் கேள்வி, "பனிக்கட்டியைச் சீக்கிரம் கரைப்பது எது?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை மூன்று: கீழே இருப்பது என்ன தளம், அது போட்டு எவ்வளவு காலமாயிற்று, இன்று தரை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது. இவை தெரிந்தால் எந்தப் பை வாங்குவது என்பது தானாகவே தெளிந்துவிடும்.

தளம் எப்படிக் கெடுகிறது என்று சொல்லிவிடுகிறோம். தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. கான்கிரீட்டின் நுண்துளைகளில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது அது உறைந்தால், உள்ளிருந்தே நெட்டித் தள்ளும். உப்பு போட்டால் பனி கரைகிறது, அந்த உப்புநீர் துளைகளுக்குள் இறங்குகிறது, குளிர் கூடியதும் மறுபடி உறைகிறது. போதாததற்கு உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் துளைகள் காயவே நேரம் கிடைப்பதில்லை. குளிர்காலம் முடிந்து பார்த்தால், வழவழப்பாக இருந்த மேல்பூச்சு காசு அளவுச் செதில்களாக உரிந்து, அடியிலுள்ள ஜல்லி வெளியே தெரியும். காற்றுக்குமிழி கலந்து போட்ட கான்கிரீட் இதை நன்றாகவே தாங்கும். ஆனால் உரிந்த செதிலைத் திரும்ப ஒட்டவைக்க யாராலும் முடியாது.

அதனால்தான் புதுக் கான்கிரீட்டுக்கு முதல் குளிர்காலம் முழுக்க எந்த உப்பும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்கிறோம். "கான்கிரீட் வலு ஏறும் 28 நாள் ஆகிவிட்டதே" என்பீர்கள். வலு ஏறுவது வேறு, உள்ளீரம் காய்வது வேறு. அந்த முதல் வருடம் மணல் மட்டும் தூவுங்கள். மணல் பனியைக் கரைக்காது, ஆனால் காலுக்குப் பிடிமானம் தரும். எத்தனை டிகிரிக் குளிரிலும் வேலை செய்யும், தளத்தையும் கெடுக்காது. பனி போனதும் பெருக்கி எடுத்துவிடுங்கள், சாக்கடையை அடைத்துவிடும்.

சுண்ணாம்புக்கல், மணற்கல் போன்ற இயற்கைக் கற்களுக்கும் மணல்தான் எங்கள் முதல் தேர்வு. உப்பு அந்தக் கல்லுக்குள் போய்ப் படிகமாகி, மேற்பரப்பைப் பொடியாக்கிவிடும். சுட்ட செங்கல் தளத்தில் வெள்ளைப் பூப்பு, அதாவது வெள்ளையான உப்புப் படிவு, கிளம்பும்.

எந்தத் தளமானாலும் முதல் வேலை பனியைத் தள்ளுவதுதான். விழுந்த சூட்டோடு, யாரும் மிதிக்கும் முன் தள்ளிவிட்டால் உப்புக்கு வேலையே பெரும்பாலும் இருக்காது. மிதிபட்டு இறுகிய பனியைத்தான் எதுவும் எளிதில் அசைக்காது. இரும்பு விளிம்புள்ள மண்வாரி கல்லைக் கீறும், பிளாஸ்டிக் விளிம்புள்ளதை வாங்குங்கள். வெந்நீர் ஊற்றாதீர்கள். சற்று நேரத்தில் அதுவே கண்ணாடிப் பரப்பாக உறைந்து ஆளைச் சறுக்கிவிடும்.

சரி, உப்பு போட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால்? நன்கு காய்ந்து முதிர்ந்த கான்கிரீட்டுக்குச் சாதாரணக் கல்லுப்பை அளவாகப் போடலாம். ஆனால் தரையின் வெப்பநிலை மைனஸ் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அது மெத்தனமாகிவிடும். அப்போது மேலும் மேலும் கொட்டுவதில் பயனில்லை. கால்சியம் குளோரைடு மைனஸ் 25 வரை கூட வேலை செய்யும். கரையும்போது வெப்பம் வெளிவிடுவதால் வேகமும் அதிகம். விலையும் கூடுதல், வெறுங்கையால் தொட்டால் தோல் எரியும், அதிகம் போட்டால் தரையில் பிசுபிசுப்பு தங்கி அதுவே வழுக்கும். மெக்னீசியம் குளோரைடு மைனஸ் 15 வரை தாங்கும் என்றாலும், செறிவாகச் சேர்ந்தால் சிமென்ட் பிணைப்பையே தாக்கும். அதை நாங்கள் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கால்சியம் மெக்னீசியம் அசிடேட் இரும்புக்கும் கான்கிரீட்டுக்கும் சாதுவானது. மைனஸ் 7 வரைதான் உதவும், விலையும் மிக அதிகம். படிக்கட்டு, இரும்புக் கைப்பிடி உள்ள இடங்களுக்கு மட்டுமாவது அதை வாங்கி வையுங்கள் என்போம்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் போடாதீர்கள்: அம்மோனியம் நைட்ரேட்டோ அம்மோனியம் சல்பேட்டோ உள்ள உரங்கள். தண்ணீர் உறைந்து உருகும்வரை அவை காத்திருக்காது, கான்கிரீட்டை நேரடியாகவே அரிக்கும்.

அளவைப் பற்றித்தான் எங்களுக்கு அதிகக் கவலை. சுமார் 500 சதுர அடிக்கு ஒரு பெரிய குவளை, அதாவது ஏறக்குறைய 350 கிராம் போதும். தூவிய உப்பு மணிகளுக்கு இடையில் நன்றாக இடைவெளி தெரிய வேண்டும். பனி முழுக்கக் கரைந்து ஓட வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். தரையோடு ஒட்டிய பிடி விட்டதும் வாரி எடுத்துவிடுங்கள். தரை காய்ந்தபின் மிஞ்சிக் கிடக்கும் மணிகளைக் கூட்டி எடுத்து அடுத்த முறைக்கு வையுங்கள். ஒரு தேக்கரண்டி உப்பு 19 லிட்டர் தண்ணீரை நீர்வாழ் உயிர்களுக்குக் கேடாக்கப் போதும். கலந்த உப்பைப் பிரித்தெடுக்க எளிய வழியும் கிடையாது. பாதையோரச் செடிகளின் வேர் கருகுவதும் இதனால்தான்.

அப்புறம், "செல்லப்பிராணிகளுக்குப் பாதுகாப்பானது" என்று பையின் முகப்பில் இருந்தால் அதோடு நிற்காமல், பின்பக்கம் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று படியுங்கள். குளோரைடு என்று இருந்தால், நாயை வெளியே கூட்டிப்போய் வந்ததும் பாதங்களை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்துவிடுங்கள்.

உங்கள் தளம் எந்தக் கல், எப்போது போட்டது என்று நினைவில்லை என்றால் ஒரு படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். எங்கள் பழைய குறிப்பேட்டைப் பார்த்து, எதைப் போடலாம், எதைத் தொடவே வேண்டாம் என்று சொல்கிறோம். பை வாங்குவதற்கு முன் கேட்டால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உங்கள் தளப் பணியாளர்கள்