அம்மாவின் கேஸ் ஷீட்டைக் கொடுங்கள்

பெறுநர்:
நிர்வாக இயக்குநர்,
தனியார் மருத்துவமனை, சென்னை.

பொருள்: மருத்துவப் பதிவேடுகள் தராதது – மூன்றாவது கடிதம்

ஐயா,

“நோயாளியே ஆபரேஷன் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டிருப்பதால் மருத்துவமனை பொறுப்பாகாது” என்ற உங்கள் பதில் கிடைத்தது. அந்தக் கையெழுத்து வாங்கியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். விடிகாலை ஆறு மணி. அம்மாவின் மூக்குக்கண்ணாடியைக்கூடக் கழற்றி என் கையில் கொடுத்தாகிவிட்டது. அப்புறம்தான் ஆங்கிலத்தில் அச்சடித்த நான்கு தாள்கள் வந்தன. நர்ஸ் விரல் வைத்த இடத்திலெல்லாம் அம்மா கையெழுத்துப் போட்டார்.

சரி, போட்டார். கர்ப்பப்பையை எடுக்கத்தான் அது. வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைக்கவும் சேர்த்தா சம்மதம்?

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் வாரம், காய்ச்சல் விடவில்லை என்று உங்களுக்குப் போன் செய்தேன். “வாயுவாக இருக்கும்” என்றார்கள். மதுரையில் ஸ்கேன் எடுத்து, மறுபடி வயிற்றைத் திறந்து, ரத்தம் ஒற்றும் துணி ஒன்றை எடுத்தார்கள். டப்பாவில் காட்டினார்கள், உள்ளங்கை அளவு இருந்தது. அந்த நாற்றம் இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை.

காசு வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. உங்கள் பில்லின் அடியில் ‘வழக்குகள் சென்னையில் மட்டும்’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி நாங்கள் குடியிருக்கும் விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. உங்களுக்குக் கட்டியது 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. கெடு இரண்டு வருடம். அதில் எட்டு மாதத்தை உங்கள் ‘பரிசீலனையில் உள்ளது’ தின்றுவிட்டது.

போலீசுக்குப் போகும் எண்ணம் இல்லை. கிரிமினல் வழக்கென்றால் கவனக்குறைவு மிகக் கடுமையானது என்று காட்ட வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2005 தீர்ப்பு அப்படி. அதோடு, ஆபரேஷன் செய்த டாக்டர் அம்மாவிடம் தன்மையாகப் பேசியவர். அவரை ஜெயிலில் பார்த்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

நான் கேட்பது கேஸ் ஷீட். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ நெறிமுறை விதி. இரண்டு முறை எழுதிக் கேட்டும், ரெக்கார்டு ரூம் ஆள் லீவு என்கிறீர்கள். முக்கியமாக, தையல் போடுமுன் துணிகளை எண்ணிக் குறித்த தாள் வேண்டும். எத்தனை உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது, யார் எண்ணினார்கள் என்று அதில் இருக்க வேண்டும். அடித்துத் திருத்தாமல், இருக்கிறபடியே நகல் எடுத்து அனுப்புங்கள்.

ஜெராக்ஸுக்கு எவ்வளவு என்று சொன்னால் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
நோயாளியின் மகன்
விருதுநகர்