நின்றே தேய்கிற வண்டி

மன்னார்குடி
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு மாதத்துக்குக் குனியாதே, எதையும் தூக்காதே என்று டாக்டர் சொல்லியிருப்பார். நீ கேட்கமாட்டாய் என்பது தங்கச்சிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் வீட்டுக்காரிக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. பேத்தி பத்தாவது எழுதப்போகிறாள், அதனால் டி.வி.க்கு விடுமுறை.

சரி, கடிதத்தின் கடைசியில் கிண்டலாக ஒரு வரி எழுதியிருந்தாயே, "மாசம் 300 கிலோமீட்டர் ஓடுற வண்டிக்கு ஒரு மெக்கானிக்கா?" என்று. அதற்குத்தான் இந்த நீளமான பதில். நூலக பஸ்ஸைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டர் ஓடிவிட்டு ராத்திரி பத்து மணிக்கு டிப்போவுக்குள் நுழைகிற வண்டிகளைப் பார்த்த கண்ணுக்கு இது பொம்மை வண்டி. வாரத்தில் இரண்டு நாள் வடுவூர், மேலவாசல், உள்ளிக்கோட்டை, பரவாக்கோட்டை என்று போய் நிற்கும். பிள்ளைகள் ஏறிப் புத்தகம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். மற்ற ஐந்து நாளும் புளியமரத்தடியில் நிற்கும்.

அந்த ஐந்து நாள்தான் வண்டியைத் தின்கிறது. டிப்போவில் நமக்கு எல்லாமே கிலோமீட்டர் கணக்கு. ஆயிலா, கிரீஸா, பிரேக் லைனிங்கா, எத்தனை ஓடியிருக்கிறது என்று பார்த்தால் போதும். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவந்தால் மூன்று வருஷத்துக்கு ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட வேண்டியதில்லை. இது நாள்கணக்கில் பார்க்க வேண்டிய வண்டி என்று புரிய எனக்கே ஒரு வருஷம் ஆனது.

முதலில் நல்ல செய்தி. இன்ஜின் நம் பழைய 697. டாடா 1510, ஒரு பள்ளிக்கூடத்தில் ஓடிய வண்டி. ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), அதனால் 697 என்று நாம் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்போமே, அதே இன்ஜின். வம்சம் பென்ஸ். 1954 முதல் 1969 வரை ஜாம்ஷெட்பூரில் இருந்து வந்த லாரிகளின் முகத்தில் பென்ஸ் நட்சத்திரம் இருந்ததை என் அப்பா கதை கதையாகச் சொல்வார். போன வாரம் டேப்பட் வைத்தேன், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்தேன். இன்ஜின் டிரைவர் பக்கத்திலேயே இருப்பதால் மூடியைத் திறந்து, உள்ளே உட்கார்ந்தபடியே வேலை பார்க்கலாம். ஆறாவது சிலிண்டரில் இரண்டு வால்வும் ஆடுகிற நேரம் ஒன்றாவதை வை, இரண்டு ஆடும்போது ஐந்தை வை, நான்கு ஆடும்போது மூன்றை வை. இன்டேக் வால்வுக்கு 0.20 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டுக்கு 0.30, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது. சிலிண்டர்கள் எரிகிற வரிசையை 1-5-3-6-2-4 என்று நம் ஃபோர்மேன் மந்திரம் மாதிரிச் சொல்ல வைப்பாரே, வாய் தானாக முணுமுணுத்தது. பக்கத்தில் நின்ற நூலகப் பெண் ஏதோ ஸ்லோகம் என்று நினைத்துவிட்டாள்.

இனி கெட்ட செய்தி. இந்த பஸ்ஸை நூலகமாக மாற்றிய பட்டறைக்காரர்கள் மர வேலையில் கெட்டி. மெக்கானிக் ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை. கியர்பாக்ஸுக்கு மேலே தரையில் இருந்த மூடியை அப்படியே பிளைவுட்டில் மறைத்து, அதற்கு மேல் சிறுவர் புத்தக அலமாரியை போல்ட் போட்டு இறுக்கிவிட்டார்கள். கியர் ஆயில் அளவு பார்க்க வண்டிக்கு அடியில் மல்லாந்து படுக்க வேண்டியிருந்தது. என் வயதுக்கு அது தேவையா? ஒரு நாள் ஆத்திரத்தில் அலமாரியைக் கழற்றி, பிளைவுட்டை அறுத்துக் கீல் வைத்துக் கதவு போட்டேன். இப்போது அம்புலிமாமாக்களை எடுத்து வைத்துவிட்டுக் கையை நீட்டினால் கியர்பாக்ஸ்.

எடை விஷயம் இன்னொன்று. பயணிகள் பஸ் ராத்திரியில் காலியாகும், ஸ்பிரிங் பட்டைகளும் சற்று நிமிரும். இதில் புத்தகம் இறங்குவதே இல்லை. கனமான அலமாரி எல்லாம் இடதுபக்கம். இரவும் பகலும் அந்தப் பாரத்தைச் சுமந்து இடது ஸ்பிரிங் செட் மட்டும் தொய்ந்துபோய், வண்டி வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பட்டையைக் கழற்றி வளைவு ஏற்றினோம். கலைக்களஞ்சியங்களை வலதுபக்கம் மாற்றச் சொன்னேன். நூலகப் பெண்ணுக்கு அதில் வருத்தம். வகை எண் வரிசை கலைகிறதாம்.

நீ எலக்ட்ரிக்கலும் தெரிந்த ஆள், இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாய். வண்டி 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக. உள்ளே விளக்கு, ஃபேன், கம்ப்யூட்டர் எல்லாம் 12 வோல்ட். பட்டறைக்காரர் என்ன செய்தார் தெரியுமா? ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டை உருவிவிட்டார். அந்த பேட்டரி எப்போதும் பட்டினி. ஆல்டர்னேட்டருக்கு இரண்டும் சேர்ந்துதானே கணக்கு? அது 28 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்க, பட்டினி கிடக்கிற பேட்டரி குறைவாக வாங்க, மற்றது தன் பங்குக்கு மேல் வாங்கிக் கொதித்தது. ஒன்றரை வருஷத்தில் இரண்டு செட் பேட்டரி போனது. பேட்டரிக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், பாவம். நூலக பஸ்ஸை நடத்துகிற டிரஸ்ட்டுக்காரர்களிடம் இப்படிச் சொன்னேன்: ஒரே நுகத்தில் இரண்டு மாடு பூட்டி ஒன்றுக்கு மட்டும் பாதித் தீனி போட்டால் வண்டி எப்படி நேராகப் போகும்? உடனே புரிந்தது. 24-ஐ 12 ஆக்குகிற கன்வெர்ட்டர் ஒன்று வாங்கி இரண்டு பேட்டரிக்கும் சேர்த்துப் பூட்டினேன். தீர்ந்தது.

மாடு என்றதும் ஒன்று. 1931-இல் இதே மன்னார்குடி வட்டாரத்தில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் நடத்தினார், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் ஊக்கத்தில். நூலகப் பெண் அந்தக் கதையை ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குச் சொல்கிறாள். எனக்குப் பொறாமைதான். அந்த வண்டிக்கு ஏர் டேங்க் கிடையாது.

இதற்கு இருக்கிறது, பிரேக்குக்கான காற்றை அடைத்துவைக்க; அதில் சேர்கிற தண்ணீரைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. ஓடுகிற நாளில் மாலையில் டிரைவர் வால்வைத் திறந்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறேன். வெறும் தண்ணீர் வந்தால் பரவாயில்லை; பால் காபி மாதிரி வந்தால் கம்ப்ரஸர் ஆயிலைத் தள்ளுகிறது என்று அர்த்தம், எனக்கு போன் செய். நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வைக்கச் சொல்லியிருக்கிறேன். போன ஐப்பசி அடைமழையில் மூன்று வாரம் ஹேண்ட் பிரேக்கோடு நின்றதில் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொண்டது. முன்னும் பின்னும் ஆட்டி, சுத்தியலால் டிரம்மைத் தட்டி விடுவிப்பதற்குள் அரை நாள் போயிற்று.

டிரைவர் பையன் நல்லவன், ஆனால் ஒரு கெட்ட பழக்கம். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஐடிலில் விட்டு அணைப்பான். "இன்ஜினுக்கு நல்லதுதானே?" என்றான். நல்லதே இல்லை. பாரமில்லாமல் சும்மா ஓடினால் டீசல் இன்ஜின் சூடே ஆகாது. எரியாத டீசலும் நீராவியும் ஆயில் தங்குகிற சம்ப்பில் இறங்கி ஆயிலைக் கெடுக்கும். ஸ்டார்ட் செய்தால் 20 கிலோமீட்டராவது ஓட்டு, இல்லையென்றால் சாவியைத் தொடாதே என்றேன். ஆயிலும் ஃபில்டரும் வருஷத்துக்கு ஒருமுறை, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் சரி. 4,000 கிலோமீட்டர்கூட ஓடாத ஆயிலைக் கீழே விடும்போது கணக்குப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே.

டீசல் டேங்க் கதையும் அதேதான். பாதி டேங்கோடு நிறுத்தினால் காலியாக இருக்கிற இடத்தில் ராத்திரிப் பனியில் நீர் கோத்துக் கீழே இறங்கும். அந்தத் தண்ணீரும் டீசலும் சேர்கிற விளிம்பில் பூஞ்சை வளர்ந்து கறுப்புப் பாசி மாதிரி ஃபில்டரை அடைக்கும். முதல் தடவை கோட்டூர் போகும் வழியில் நின்றுவிட்டது. இறங்கி ஃபில்டரைத் திறந்தால் உள்ளே குளத்துச் சேறு. புது ஃபில்டர் போட்டு, பிரைமர் கைப்பம்ப்பை அழுத்தி அழுத்தி உள்ளே புகுந்த காற்றை எடுத்து, குமிழ் நின்ற பிறகு கிளப்பினேன். இருபது பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அன்றைக்கு அந்த ஊரில் புத்தகம் எடுக்க ஆளே இல்லை. இப்போது முழு டேங்க் நிரப்பித்தான் நிறுத்துகிறோம்.

டயர் விஷயத்தில் டிரஸ்ட்டோடு இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. பட்டன் (தரையில் படுகிற ரப்பர் மேடு) எல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது, யார் பார்த்தாலும் மாற்றச் சொல்ல மாட்டார்கள். பக்கவாட்டைப் பார்த்தால் வெடிப்பு வெடிப்பாக, கோடை வயல் மாதிரி. பக்கத்தில் உள்ள கடைசி நான்கு எண் 1814, அதாவது 2014-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரத்தில் செய்தது. முன்சக்கரம் இரண்டையாவது மாற்றுங்கள், பிள்ளைகள் ஏறுகிற வண்டி என்று மூன்று மாதமாகச் சொல்கிறேன். தேய்ந்த டயருக்கு மேல் புது ரப்பர் ஒட்டுகிற ரீட்ரெட் போடலாமா என்று ஒருவர் கேட்டார். தேயாத டயருக்கு ரீட்ரெட்டா!

இப்போது உன் உதவி தேவை. அடுத்த மாதம் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்ட வேண்டும். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கிறது. வீல் பேரிங்காக இருக்கும் என்று பிரேக்கை மிதிக்கச் சொல்லி ஆட்டினேன், அப்போதும் ஆடுகிறது. அப்படியென்றால் முன்சக்கரம் திரும்புகிற அச்சு முளையான கிங்பின்தான். எத்தனை வருஷம் பாரத்தோடு நிறுத்தியே கிரீஸ் அடித்தார்களோ, அடியில் கிரீஸ் போகவே இல்லை. கிங்பின் புஷ்ஷில் உன் கை எனக்கு வராது. பட்டறையில் கொடுக்கலாம், ஆனால் இன்னொரு முறை அந்த அனுபவம் வேண்டாம்.

நீ குனிய வேண்டாம், எதையும் தூக்கவும் வேண்டாம். புளியமரத்தடியில் நாற்காலி போடுகிறேன், உட்கார்ந்து சொன்னால் போதும், பையன் செய்வான். கறுப்புக் கண்ணாடியோடு வா. தங்கச்சியையும் கூட்டி வா, இரண்டு நாள் தங்குவது மாதிரி.

அப்புறம், ரிட்டயர் ஆகிற வருஷம் என்னிடம் வாங்கிப் போன ஃபீலர் கேஜ், அந்த இடைவெளி அளக்கிற தகடு, உன் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். போன வாரம் டேப்பட்டுக்கு இரவல் கேஜ் வாங்கி ஓட்டினேன். மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
உன் பழைய நைட் ஷிப்டு ஆள்