மாத்திரை கையில் இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 1 எய்ட்ஸ் தினத்துக்கு நீங்கள் போட்ட பக்கத்தை முழுசாக வாசித்தேன். பரிசோதனை, அதைச் செய்து ஆலோசனை சொல்லும் நம்பிக்கை மையம், இலவச மாத்திரை எல்லாம் சரியாகவே இருந்தது. மனசைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையைப் பத்து வருடத்துக்கு மேலாகச் சாப்பிடுகிறவள் நான். அதனால் எழுதுகிறேன்.

செக்கானூரணியைத் தாண்டி ஒரு கிராமம். பூக் கட்டித்தான் பிழைப்பு. என் வீட்டுக்காரர் காசத்தில் இறந்தார் என்றுதான் மாமியாரிடம் சொல்லியிருக்கிறோம். எனக்கு எச்.ஐ.வி. இருப்பது என் தம்பிக்கு மட்டும் தெரியும். மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, குலுங்கிச் சத்தம் வராமலிருக்க உள்ளே பஞ்சு வைத்து, அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பேன். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு ஒன்றை எடுத்து விழுங்குவேன்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. தமிழ்நாட்டின் முதல் கொரோனா சாவு எங்கள் மதுரையில்தான், மார்ச் 25 அன்று. அப்புறம் தினமும் சாயங்காலம் டி.வி.யில் கணக்கு சொல்வார்கள். இன்று இத்தனை பேர் இறப்பு, அதில் இணை நோய் உள்ளவர்கள் இத்தனை பேர். ‘இணை நோய்’ என்று சொல்லும்போதெல்லாம் என் பெயரைக் கூப்பிடுவதுபோல இருக்கும். பூ மார்க்கெட் மூடியதால் மல்லி செடியிலேயே பூத்து வாடியது. கட்டப் பூ இல்லை, கையில் காசும் இல்லை. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள், மாமியார், நான் எல்லோரும் ராப்பகலாக ஒரே அறையில். யாரும் சீக்கிரம் தூங்கவும் இல்லை. பானையைத் திறக்க நேரம் பார்த்துப் பார்த்தே சில ராத்திரிகள் விட்டுப்போயின. பிறகு நேரம் கிடைத்த ராத்திரியிலும் நான் எடுக்கவில்லை.

எனக்கு மாத்திரைத் தட்டுப்பாடு வரவே இல்லை. மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுக்கலாம், வீட்டு ஆள் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று அரசாங்கம் வழி செய்திருந்தது. ஏப்ரலில் தம்பி போய் மூன்று டப்பா வாங்கி வந்தான். அந்த ஏற்பாட்டுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் விழுங்குவதற்கு மனசு வேண்டுமே. காலையில் எழுந்தால் தலை சீவத் தோன்றாது. பிள்ளை கூப்பிட்டால் பதில் சொல்லவே அலுப்பாக இருக்கும். இதைச் சாப்பிட்டு என்ன ஆகப்போகிறது என்று பானையைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். அப்போது எங்களுக்குக் கொடுத்த மாத்திரையில் எஃபாவிரென்ஸ் என்ற மருந்து சேர்ந்திருந்தது. அது சிலருக்குக் கெட்ட கனவு, தூக்கக் கேடு, மனச்சோர்வு எல்லாம் தரும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இப்போது அதற்குப் பதில் டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை தருகிறார்கள்.

ஜூலையில் மதுரை நகரத்தில் முழு ஊரடங்கு. மாத்திரை தருகிற ஏ.ஆர்.டி. மையத்தில் கொடுத்த பச்சைச் சிகிச்சைப் புத்தகத்தில் எழுதியிருந்த தேதிக்குத் தம்பியின் வண்டியில் கிளம்பினேன். வழியில் தடுப்புப் போட்டு நிறுத்தினார்கள். “ஆஸ்பத்திரிக்கா? என்னம்மா நோவு? சீட்டக் காட்டு” என்றார் போலீஸ்காரர். பக்கத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். அந்தப் பச்சைப் புத்தகத்தை நீட்டினேன். அவர் பிரித்துப் பார்த்தார், சட்டென்று மூடினார், யார் கண்ணிலும் படாமல் திருப்பிக் கொடுத்து “போம்மா” என்றார். நல்ல மனிதர். ஆனாலும் 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டப்படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் எங்கள் நிலையைச் சொல்லும்படி யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அது தெரிந்துதான் காட்டினேன். வேறு வழி இல்லை.

மையத்தில் வழக்கமாக டப்பாவைத் திறந்து மிச்ச மாத்திரையை எண்ணுவார்கள். கவுன்சிலர் மேடம் உட்காரவைத்து “தூக்கம் வருதா, சாப்பிடுறீங்களா” என்று கேட்பார். அன்றைக்கு அவர் இல்லை, கொரோனா வேலைக்குப் போட்டிருந்தார்கள். தொற்று பயத்தில் டப்பாவையும் யாரும் தொடவில்லை. தள்ளி நின்று வாங்கிக்கொண்டு வந்தேன். ஏப்ரலில் வாங்கியதில் ஒரு டப்பா பிரிக்கவே இல்லை. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

2021இல் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்ற பரிசோதனை எடுத்தபோது 1000ஐத் தாண்டியிருந்தது. மாத்திரை சரியாக எடுத்தால் அவ்வளவு இருக்கக் கூடாது. பிறகு மாதாமாதம் வரச் சொல்லி, மூன்று மாதம் உட்காரவைத்துப் பேசினார்கள். முதல் தடவை நான் பேசவே இல்லை, அழுதேன். மேடம் காத்திருந்தார். அடுத்த பரிசோதனையில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. என் உடம்பில் வேறெதுவும் மாறவில்லை, மாத்திரையை எடுத்தேன், அவ்வளவுதான். எடுக்க வைத்தது அந்தப் பேச்சு.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மூன்று மாத மாத்திரை அப்படியே தொடரட்டும். வாங்க வருகிற அன்றைக்கு, கதவு சாத்திய அறையில் பத்து நிமிடம் கவுன்சிலர் பேச வேண்டும். இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா, மனசு சோர்ந்து நம்பிக்கை இழந்த மாதிரி இருக்கிறதா என்ற இரண்டு கேள்வியிலேயே மனச்சோர்வை முதல் கட்டமாகக் கண்டுபிடிக்கலாம். இருந்தால், மனநல மருத்துவர் வாரத்தில் ஒரு நாள் ஏ.ஆர்.டி. மையத்துக்கே வந்து பார்க்கட்டும். எங்களை மனநலப் பிரிவு வரிசைக்கு அனுப்பினால் பாதி வழியில் திரும்பிவிடுவோம். ஏற்கெனவே ஒன்றை மறைக்கிறோம், இன்னொன்றையும் மறைக்கத் தெம்பில்லை.

மனநல உதவிக்கு 14416க்கும் எச்.ஐ.வி. உதவிக்கு 1097க்கும் போன் செய்யலாம் என்பார்கள். நல்ல சேவைதான், முடிந்தவர்கள் கட்டாயம் பேச வேண்டும். ஆனால் ஒரே அறை வீட்டில், பக்கத்தில் மாமியார் படுத்திருக்க, போனில் நான் எதைச் சொல்வது?

போன மாதம் மையத்தில் என் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். பெயரைக் கூப்பிட்டதும் போய் டப்பாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கிளம்பினாள். வாசலில் பிடித்து நிறுத்தி, “சாப்டியாம்மா?” என்று கேட்டேன். பஸ் இரண்டு போய்விட்டது, அவள் பேசி முடிக்கவில்லை.

என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை மாவட்டம்