நீ கொன்ற இருவரைப் பற்றி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. புது வீடு பழகிவிட்டதா? கண் ஆபரேஷனுக்கு அப்புறம் வாசிக்க முடிகிறது என்று எழுதியிருந்தாய், அதனால் தைரியமாக நீளமாகவே எழுதுகிறேன். நீ கேட்டதற்குப் பதில்: முழங்கால் பரவாயில்லை, மாடிப்படியைக் கண்டால் மட்டும் கோபித்துக்கொள்கிறது.

தாமதத்துக்குக் காரணம் உண்டு. உனக்குப் பதில் எழுத உட்கார்ந்த ஒவ்வொரு ராத்திரியும் வேறொன்றை எழுதிக்கொண்டிருந்தேன். சொன்னால் சிரிப்பாய். பரவாயில்லை, சிரி.

அலமாரியை ஒழித்தபோது நம் நோட்டு கிடைத்தது. பள்ளியில் கடைசி வருஷம் நீலப் பேனாவில் நீ, பச்சையில் நான் என்று ஆளுக்கு ஓர் அத்தியாயமாக ஒரு காதல் கதை எழுதினோமே, அதுதான். கணக்கில் நாம் வாங்கிய மார்க்குக்கு முழுப் பொறுப்பும் அந்த நோட்டையே சேரும். ஒரே மூச்சில் படித்தேன். என் அத்தியாயங்கள் சகிக்கவில்லை, ஆளாளுக்குப் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உன்னுடையது தேவலை. கதை நாயகனுக்கு வலது காது கேட்காது என்று நீதான் எழுதியிருக்கிறாய். நாயகி எப்போதும் அவனுக்கு இடப் பக்கமாகவே நடப்பாள், அவன் தலையைச் சாய்த்துக் கேட்பான். அந்த நோட்டில் இன்றைக்கும் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான்.

அப்புறம் 61ஆம் பக்கம். என்னோடு உனக்கு ஏதோ சண்டை. எதற்கென்று எனக்குச் சுத்தமாக நினைவில்லை, உனக்கு இருக்கும். ஆற்று நடுவில் படகைக் கவிழ்த்து, இருவரையும் ஒரே வரியில் மூழ்கடித்து, "இப்போ எழுது பார்க்கலாம்" என்று கீழே ஒரு குறிப்பும் போட்டு, நோட்டை என் மேசைமேல் எறிந்துவிட்டுப் போனாய். நான் எழுதவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இப்போது எழுதுகிறேன் டி. செத்த பிறகு அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று.

அக்கா மகளுக்குப் பதினாறு வயது. அவள் படிப்பதெல்லாம் இதே ரகம்: மாயம், காதல், அதுவும் மறு உலகத்தில் நடக்கிற காதல். அவளிடம் நாலைந்தை இரவல் வாங்கிப் படித்தேன். ராத்திரி இரண்டு மணி வரை கீழே வைக்க முடியவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்றை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. மரணத்தின் அரசன் என்று ஒருவன் வருகிறான். வயது இரண்டாயிரம், பார்க்க இருபது. உலகத்தில் செத்த அத்தனை பேரையும் பார்த்துச் சலித்தவன், பதினேழு வயதுப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றதும் பொத்தென்று விழுந்துவிடுகிறான். இரண்டாயிரம் வயதுக்காரனும் பதினேழு வயதுக்காரியும் காலையில் எழுந்து என்ன பேசிக்கொள்வார்கள்? இந்தச் சரக்கின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. பூப்பறித்துக்கொண்டிருந்த பெர்செஃபொனியைப் பாதாள அரசன் தேரில் தூக்கிப் போகிறான். மாதுளை விதை ஒன்றைத் தின்னக் கொடுத்து, வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு தன்னோடு இருக்கும்படி கட்டிவிடுகிறான். ஹோமர் பெயரில் வழங்கும் பழைய துதிப்பாடலில் அவள் அலறுகிறாள், தாய் அந்த அலறலைக் கேட்டு ஓடிவருகிறாள். நான் படித்த நாவல்களில் அந்த அலறல்தான் காணாமல் போயிருந்தது.

சரி, நம் கதையில் அரசன் கிடையாது என்று முடிவு செய்தேன். அதற்கப்புறம்தான் சிக்கல். சாவை வைத்துக் காதல் கதை எழுதினவர்களை எல்லாம் வரிசையாக எடுத்துப் பார்த்தேன். ஒரு விஷயம் உறுத்தியது. எல்லாக் கதையிலும் உயிரோடு இருப்பவர்தான் நாயகர். செத்தவர் மூட்டை. மீட்டுக்கொண்டு வரவேண்டிய மூட்டை.

யோசித்துப் பார். சாவித்திரி யமன் பின்னாலேயே நடந்து, பேசிப் பேசியே புருஷனை மீட்கிறாள். ஏழடி சேர்ந்து நடந்தால் சிநேகம் என்று எமனிடமே நட்பு கொண்டாடுகிறாள். எவ்வளவு சமர்த்து! அந்நேரம் சத்தியவான் கட்டைவிரல் அளவு உயிராகக் கயிற்றில் தொங்குகிறான். எழுந்ததும் அவன் கேட்பது என்ன தெரியுமா? ரொம்ப நேரம் தூங்கிவிட்டேனே, ஏன் எழுப்பவில்லை என்று. அதே பாரதத்தின் ஆதிபர்வத்தில் ருருவின் கதை இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் பாம்பு கடித்துச் செத்த பிரமத்வரைக்காகத் தன் ஆயுளில் பாதியைக் கொடுக்கிறான். இந்த ரகக் கதைக்கென்றே செய்தது போலில்லை? ஆனால் அவளோ தூங்கி எழுந்தவள் போல எழுகிறாள், அவ்வளவுதான். இன்னொருவன் ஆயுளில் பாதியை வாங்கிக்கொள்ளச் சம்மதமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. கிரேக்கக் கதையில் பாடகன் ஆர்ஃபியஸ் செத்த மனைவி யூரிடிசியை மீட்கப் பாதாளம் போகிறான், திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையை மீறி அவளை இழக்கிறான். அவளுக்கு ரோமானியக் கவிஞர் வெர்ஜில் ஐந்து வரி கொடுத்தார். இன்னொரு ரோமானியக் கவிஞர் ஓவிட் ஒரே ஒரு சொல்தான் கொடுத்தார், 'போய்வருகிறேன்' என்பது போல. அதுவும் ஆர்ஃபியஸ் காதில் சரியாக விழவில்லை.

ஒருத்தி மட்டும் வேறு மாதிரி. வெர்ஜிலின் ஈனியட் காவியத்தின் ஆறாம் பாகத்தில், தன்னை விட்டுப் போனவன் பாதாளத்துக்கு வந்து அழுது விளக்கம் சொல்லும்போது, அவனால் உயிரை விட்ட அரசி டைடோ தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி, தன் முதல் கணவன் இருக்கும் தோப்புக்குப் போய்விடுகிறாள். அந்த இடத்தை நான் மூன்று தடவை படித்தேன். செத்தவளுக்கும் ஒரு மனசு இருக்கிறது என்று அங்கேதான் தெரிகிறது.

அதனால் நம் கதையைச் செத்த பெண்ணே சொல்கிறாள். உடனே அடுத்த கேள்வி: ஏற்கெனவே செத்தாயிற்று, இனி அவள் எதற்குப் பயப்படுவாள்? பயமில்லாத கதையில் வாசகி எதற்காகப் பக்கத்தைப் புரட்டுவாள்? பத்து நாள் இதிலேயே மாட்டிக்கொண்டேன். பதில் நம் பாட்டிலேயே இருந்தது. நற்றிணை 397. சாக எனக்குப் பயமில்லை, செத்து வேறொரு பிறப்பாகப் பிறந்துவிட்டால் என் காதலனை மறந்துவிடுவேனோ, அதுதான் பயம் என்கிறாள் ஒருத்தி. அம்மூவனார் எழுதியது. இந்தப் பிறவி போய் மறுபிறவி வந்தாலும் நீயே என் கணவனாக வேண்டும், நானே உன் மனசுக்கு ஏற்றவளாக வேண்டும் என்று குறுந்தொகை 49இல் சொல்வதும் அவர் பாட்டுதான். ஒரே ஆள், ஒரு பாட்டில் ஆசை, இன்னொன்றில் பயம். ஆசையைத்தான் எல்லாரும் மேடையில் சொல்வார்கள். கதை இருப்பது என்னவோ பயத்தில்.

மறதியைப் பற்றித் தேட ஆரம்பித்தால் உலகம் முழுக்க இதே கவலைதான். பிளேட்டோவின் 'குடியரசு' நூல் முடிகிற இடத்தில் செத்தவர்கள் எல்லாரும் வறண்ட சமவெளியைத் தாண்டி ஓர் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். அந்தத் தண்ணீரைக் குறிப்பிட்ட அளவு குடித்தே ஆகவேண்டும். புத்தியில்லாதவர்கள் அளவுக்கு மேலேயே குடிக்கிறார்கள். குடித்தவர்கள் எல்லாரும் எல்லாவற்றையும் மறக்கிறார்கள். சீனர்களின் நம்பிக்கையில் மெங் போ என்ற கிழவி பாலத்தருகே மறதிக் கஞ்சியோடு நிற்கிறாள். எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. தெற்கு இத்தாலியில் ஹிப்போனியன் என்ற பழைய கிரேக்க நகரத்தில், ஒரு பெண்ணின் கல்லறையிலிருந்து 1969இல் சின்னத் தங்கத் தகடு ஒன்றை எடுத்தார்கள். சுமார் 2400 வருஷப் பழசு. அதில் வழிக்குறிப்பு எழுதியிருக்கிறது: வெள்ளை சைப்ரஸ் மரத்தடியில் ஓர் ஊற்று தெரியும், அதன் பக்கமே போகாதே. தள்ளிப் போனால் நினைவின் ஏரி வரும். காவலர்களிடம் தாகத்தால் சாகிறேன், தண்ணீர் கொடுங்கள் என்று கேள். பரீட்சைக்குப் போகிறவளுக்குப் பிட்டு எழுதிக் கொடுத்த மாதிரி இல்லை? யாரோ அவள்மேல் அவ்வளவு அக்கறையாக இருந்திருக்கிறார்கள்.

நம் கதையின் ஜோடியிடம் தகடு கிடையாது. வாசலில் பெயரைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், அதுதான் அங்கே நுழைவுக் கட்டணம். உள்ளே ஒரு கிணறு. தண்ணீரில் மூழ்கிச் செத்தவளுக்குத் தாகம், பாவம். கிடைத்ததை வாங்கி மடமடவென்று குடித்துவிடுகிறாள். அவன் முன்னாலேயே வந்தவன், குடிக்காமல் அவளுக்காகக் காத்திருக்கிறான், நாக்கு வறண்டு. அவனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது, அவளுக்கு எதுவும் இல்லை. கதையைச் சொல்கிறவள் மறந்தவள். எழுதுவதற்கு எவ்வளவு கஷ்டம் என்று நீயே பார்த்துக்கொள்.

இதில் ஒரு வம்பு இருக்கிறது. நீ என்னைக் காதலித்தாய் என்று அவன் போய்ச் சொன்னால் என்ன ஆகும்? அது அவள்மேல் கடன் சுமத்துவது மாதிரி ஆகிவிடும். மறந்தவள் எந்தக் கடனுக்கும் பொறுப்பில்லை. அதனால் அவனை வாய் திறக்க விடவில்லை. அவனைப் பிடிக்கிறதா இல்லையா என்று அவள் புதிதாகப் பார்த்து முடிவு செய்யட்டும். டைடோவைப் போலத் திரும்பிப் போகிற உரிமையும் அவளுக்கு உண்டு.

ஆனால் ஒன்றுமே மிச்சமில்லை என்றால் எப்படி? இங்கேதான் அம்மா வந்தாள்.

அம்மா போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. கடைசி வருஷம் என் பெயர் அவளிடம் இல்லை. "நீங்க யாரு?" என்று மரியாதையாகக் கேட்பாள். கேட்டுக்கொண்டே என் நெற்றியில் விழுந்த முடியை எடுத்து இடது காதுக்குப் பின்னால் செருகுவாள். சின்ன வயதில் செய்தது போலவே, இடது காது மட்டும். வந்தவர்கள் யாருக்கும் அப்படிச் செய்ததில்லை. பெயரும் முகமும் இருக்கிற இடம் வேறு, கைப்பழக்கம் இருக்கிற இடம் வேறு என்று டாக்டர் சொன்னார். 1953இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை செய்துகொண்ட ஹென்றி மொலைசன் என்பவருக்குப் புதிய நினைவு எதுவும் தங்காமல் போயிற்று. கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை பிரெண்டா மில்னர் என்ற உளவியல் ஆய்வாளர் அவருக்குக் கொடுத்தார். முன்பு செய்தோம் என்ற நினைவே இல்லாமல், ஒவ்வொரு நாளும் இன்னும் நன்றாக வரைந்தாராம். கை கற்றுக்கொண்டிருந்தது.

ஆக, அவள் கிணற்றடியிலிருந்து நடக்கும்போது, ஏனென்றே தெரியாமல் அவனுக்கு இடப் பக்கம் வந்து நிற்கிறாள். அவ்வளவுதான் மிச்சம். உன் வலது காதுதான் கதையைக் காப்பாற்றியது, நன்றி. மறு உலகத்தில் காது சரியாகிவிடாதா என்று அக்கா மகள் கேட்டாள். ஈனியட்டில் டிராய் இளவரசன் டெய்ஃபோபஸ் வெட்டுப்பட்ட மூக்கும் காதுமாகத்தான் பாதாளத்தில் நிற்கிறான் என்று சொல்லி வாயை அடைத்தேன். உண்மைக் காரணம், காது சரியானால் அவன் தலையைச் சாய்க்க மாட்டான்.

அக்கா மகளுக்காகவே இன்னொரு விஷயத்திலும் கறாராக இருக்கிறேன். 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 15 முதல் 29 வயதுக்காரர்களின் சாவுக் காரணங்களில் தற்கொலை மூன்றாவது இடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைப் படித்த பிறகு பேனா கொஞ்சம் நின்றது. நடு ராத்திரியில் தனியாகப் படிக்கிறவளுக்கு மறு உலகம் அழைப்பிதழாகத் தெரிந்துவிடக் கூடாது. அதனால் அங்கே யாரும் தானாகத் தேடிப் போகவில்லை, ஒருவர் பின்னால் ஒருவர் போகவும் இல்லை. போனவர்களுக்கு அந்த இடம் பிடிக்கவும் இல்லை. பதினெட்டு வயது வராது, அவனுக்கு மீசை அதற்கு மேல் அடர்த்தியாகாது, சண்டை போட்டவளிடம் போய்ச் சமாதானம் பேச முடியாது. இழந்த சின்னச் சின்ன விஷயங்களை அவர்கள் நிறையப் புலம்புகிறார்கள். வெட்டச் சொன்னாலும் வெட்ட மாட்டேன்.

ஓவிட்டை மேலே கொஞ்சம் திட்டினேன், பரிகாரமாக இதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த பாகத்தில் ஆர்ஃபியஸும் செத்துப்போகிறான். இருவரும் பாதாளத்தில் சேர்ந்து நடக்கிறார்கள். சில நேரம் பக்கத்துப் பக்கத்தில், சில நேரம் அவள் முன்னால், சில நேரம் அவன் முன்னால். இப்போது அவன் திரும்பிப் பார்க்கலாம், ஒன்றும் ஆகாது. மூன்று நான்கு வரிதான். மீதிக் கதையை எழுதிய வாத்தியாருக்கு இதை மட்டும் நீட்டத் தோன்றவில்லையே என்று இருக்கிறது.

நோட்டைத் தனியாக அனுப்புகிறேன். பச்சை மையில் 38 பக்கம் சேர்ந்திருக்கிறது. இருவரையும் மறுபடி கிணற்றடியில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். தாகம் தாங்காமல் அவன் கையில் குவளை எடுத்துவிட்டான், அவள் இடப் பக்கம் நிற்கிறாள், இன்னும் அவனுக்குப் பெயர் வைக்கவில்லை. அடுத்த அத்தியாயம் உன் முறை. நீல மைதான், மறந்துவிடாதே. அப்படியே அந்தச் சண்டை எதற்கென்றும் ஒரு வரி எழுது.

படகு மட்டும் வேண்டாம்.

உன்
பச்சைப் பேனா