மேங்கோவும் மாங்காய்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) நம் தம்பி ஒருவர் 'மேங்கோ ஜூஸ்' என்று தமிழில் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார். கேட்டால், "மாம்பழம்னு போட்டா பழசா தெரியுது அண்ணே" என்கிறார்.

மேங்கோ என்ன புதுசா? மலபார்க் கரையில் இறங்கிய போர்த்துகீசியர் அங்கே மலையாளத்தில் 'மாங்ஙா' (நம் மாங்காய்தான்) என்று கேட்டதை 'மங்கா' ஆக்கி எடுத்துப் போனார்கள். அதுவே பிரெஞ்சில் 'மாங்க்', ஆங்கிலத்தில் 'மேங்கோ'. (எல்லாமே நம்முடையது என்று சாதிக்க வரவில்லை. இந்தி 'ஆம்', சமஸ்கிருத 'ஆம்ர' வழி வந்தது.)

வேடிக்கை என்னவென்றால், அடுத்த கடை மச்சிக் (மலாய்க்கார அம்மா) அதே பழத்தைக் கூறுகட்டி வைத்து 'மெம்பெலாம்' என்று கூவுகிறார். அது நம் மாம்பழமேதான், மலாய் நாக்கில் உருண்டு வந்தது. அவர் கூச்சப்படாமல் சொல்கிறார், நம் தம்பிக்குத்தான் கூச்சம்!

பெர்லிஸ் மாநிலத்து ஹாருமானிஸ் மாம்பழம் ஏப்ரல் வாக்கில் வரத் தொடங்கிவிடும். தங்கள் நாளிதழின் பழ விளம்பரங்களிலாவது 'மாம்பழம்' என்றே போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாடாங் செராய், கெடா