இரண்டு 'சி'யும் ஒன்றல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் சிகோங், தாய்ச்சி, குங்ஃபூ என்ற சீனக் கலைகள் மூன்றைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழ் இதழ் ஒன்று இதற்கு நான்கு பக்கம் ஒதுக்கியதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் மூச்சுக்குச் சிகோங், வயதானவர்களுக்குத் தாய்ச்சி, சண்டைக்குக் குங்ஃபூ என்று கட்டுரையாளர் பங்கு பிரித்துக் கொடுத்தது மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மூன்றாம் பக்கப் படத்துக்குக் கீழே 'சிகோங் பயிற்சி' என்று அச்சாகியிருந்தது. படத்தில் இருவர் எதிரெதிரே நின்று மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டியிருக்கிறார்கள். அது தாய்ச்சியில் வரும் துய்ஷோ. தள்ளுகை என்று சொல்லலாம். எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதைத் தோலாலேயே அறிந்து அவரைச் சாய்க்கப் பழகுவது. மூன்று பெட்டிகளில் எதில் போடுவது என்று தெரியாமல்தான் அந்தப் படம் தவறான பெட்டிக்குள் விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நான் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், தென்சீனத்துத் தியோச்சியூ வழியில் வந்தவர் ஒருவரிடம் 14 ஆண்டுகளாக விடியற்காலையில் பழகி வருகிறேன். அவரை நாங்கள் சிஃபு, அதாவது குரு என்போம். அவரிடமிருந்து கேட்டதையும், அதன்பிறகு தேடிப் படித்ததையும் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் சொற்கள். தாய்ச்சியில் வரும் 'சி'யும் சிகோங்கில் வரும் 'சி'யும் ஒன்று, ஆகவே தாய்ச்சி என்றால் 'பேருயிர் மூச்சு' என்று கட்டுரை சொல்கிறது. இரண்டும் வேறு எழுத்து, வேறு ஒலி, வேறு பொருள். சிகோங்கின் 'சி' மூச்சு, உடலில் ஓடும் உயிராற்றல். தாய்ச்சியின் 'சி'யைச் சீனர்கள் ஏறக்குறைய 'ஜி' என்றே உச்சரிப்பார்கள். கூரையின் முகட்டு விட்டத்தைக் குறித்த எழுத்து அது. பிறகு எல்லை, உச்சம் என்று பொருள் விரிந்தது. 'தாய் ஜி' என்றால் அதற்கு மேல் ஒன்றில்லாத உச்சம். அதிலிருந்தே யின், யாங் என்ற எதிரெதிர் ஆற்றல்கள் இரண்டும் பிறக்கின்றன என்பது சீனத் தத்துவம். பெயரின் முழு வடிவம் 'தாய் ஜி சுவான்'. சுவான் என்றால் முட்டி மடக்கிய கை. பெயரிலேயே குத்து இருக்கிறது, ஐயா! சீனச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதும் பழைய முறையில் மூச்சைக் குறிக்கும் சொல்லுக்கு மட்டும் சிறு குறி ஒன்று போட்டு இரண்டையும் வேறுபடுத்தினார்கள். அச்சில் அந்தக் குறி உதிர்ந்துபோக, இரண்டும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்தன. தமிழுக்கும் குழப்பம் அப்படியே வந்து சேர்ந்துவிட்டது.

இன்னொரு பக்கம், வேறு வேறாகத் தெரிகிற இரண்டு ஒன்றாக இருக்கின்றன. சிகோங்கின் 'கோங்', குங்ஃபூவின் 'குங்' இரண்டும் ஒரே சீன எழுத்து. விடாமல் உழைப்பது, அந்த உழைப்பால் கைகூடுவது என்ற இரண்டையும் அது குறிக்கும். எங்கள் சிஃபு வீட்டில் குங்ஃபூ தேநீர் குடித்திருக்கிறேன். கைக்குள் அடங்கும் மண் கெண்டி, கட்டைவிரல் உயரத்தில் கிண்ணங்கள், கொதிநீரை ஊற்றி, கொட்டி, மறுபடி ஊற்றி, ஒரு வாய் தேநீருக்கு அவ்வளவு பொறுமை. தியோச்சியூ மக்களும் ஃபுஜியன் மக்களும் அந்த முறைக்கே குங்ஃபூ என்ற பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நன்றாகச் சமைப்பவருக்கும் குங்ஃபூ உண்டு, தூரிகை பிடித்து எழுதுபவருக்கும் உண்டு. சண்டைக் கலைகளுக்குச் சீனத்தில் பொதுப் பெயர் 'வூஷூ'. குங்ஃபூ என்றாலே சண்டை என்ற பொருள் உலகம் முழுக்கப் பரவியது 1960, 70களில் வந்த ஹாங்காங் படங்களால்தான்.

சிகோங் என்ற பெயருக்கு இன்றைய பொருள் நிலைத்ததோ 1950களில். ஹெபெய் மாநிலத்தில் லியூ குய்ஜென் என்ற கம்யூனிஸ்ட் கட்சி ஊழியர் மூச்சுப் பயிற்சியால் தம் வயிற்றுப்புண் ஆறியதாகக் கண்டு, அதை மருத்துவமுறையாகப் பரப்பினார். அதற்காகவே சிகிச்சை இல்லங்கள் திறந்தார்கள். பயிற்சியோ மிகப் பழையது. 1973இல் சாங்ஷாவுக்கு அருகில் மாவாங்துய் கல்லறையில் பட்டுத் துணி ஓவியம் ஒன்று கிடைத்தது. கி.மு. 168இல் மூடிய கல்லறை அது. அந்தப் பட்டில் 44 உருவங்கள் கை நீட்டியும் குனிந்தும் வளைந்தும் நிற்கின்றன. அன்று அதன் பெயர் 'தாவோயின்'.

தாய்ச்சிக்கு வருகிறேன். பூங்காவில் பாட்டிமார்கள் ஒற்றைக்காலில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 'தங்கச் சேவல் ஒற்றைக்காலில் நிற்கிறது' என்பது அந்த நிலையின் பெயர். 16ஆம் நூற்றாண்டில் கடற்கொள்ளையரை எதிர்த்துப் போரிட்ட தளபதி ச்சி ஜிகுவாங், படைவீரர்களுக்காகத் தொகுத்த 32 நிலைகளிலேயே அதே பெயர் இருக்கிறது. ஹெனான் மாநிலத்துச் சென்ஜியாகோ கிராமத்தில் சென் குடும்பம் பழகிய கலையிலும் அந்த நிலைகள் பல உள்ளன. அங்கே கற்ற யாங் லூசான் (1799–1872) பெய்ஜிங்குக்குப் போய், அன்று சீனாவை ஆண்ட மஞ்சு இனப் பிரபுக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய பேரன் யாங் செங்ஃபு அதை ஒரே சீராக, மெதுவாக, விரிந்த அசைவுகளாக ஆக்கினார். 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை அதிலிருந்து 24 அசைவுகளைத் தேர்ந்தெடுத்து ஆறு நிமிடத் தொடராகச் சுருக்கியது. உலகெங்கும் பூங்காக்களில் பெரும்பாலும் காண்பது அதைத்தான். மெதுவாகச் செய்வதை மட்டும் பார்த்து அதை முதியோர் உடற்பயிற்சி என்று முடிவுகட்டுவது, சிலம்பத்தின் காலடியை மட்டும் பார்த்து நடனம் என்று சொல்வது போல.

எங்கள் வகுப்பு எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். முதல் பத்து நிமிடம் 'பா துவான் ஜின்' என்ற எட்டு அசைவுகள். கையை வானத்துக்கு உயர்த்துவது, வில்லை இழுப்பது போல் விரிப்பது என்று போகும். அது சிகோங். அடுத்து, மரத்தைக் கட்டிப்பிடிப்பது போல் கைகளை வட்டமாக வைத்து அசையாமல் நிற்க வேண்டும். தொடை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். இது சிகோங்கா குங்ஃபூவா என்று ஒருமுறை சிஃபுவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என் தோளைத் தட்டி, இன்னும் கொஞ்சம் கீழே உட்காரச் சொன்னார். அதற்குப் பிறகுதான் தாய்ச்சித் தொடர், கடைசியில் தள்ளுகை. ஒரு நாள் 'மேகக்கை' என்ற அசைவின்போது என் மணிக்கட்டைப் பிடித்தார். பழகியபடி இடுப்பைத் திருப்பினேன். பிடி தானாக விட்டுப்போயிற்று. நான்கு ஆண்டுகளாகக் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அன்றுதான் புரிந்தது.

அசைவுக்கும் சண்டைக்கும் உள்ள இந்தத் தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. 2017இல் செங்டூவில் தாய்ச்சி ஆசிரியர் ஒருவரை, பல சண்டை முறைகளைக் கலந்து மோதும் கலப்புச் சண்டை வீரர் ஒருவர் அரை நிமிடத்துக்குள் தரையில் வீழ்த்தினார். தாய்ச்சியே பொய் என்று பலர் எழுதினார்கள். அடி வாங்கிப் பழகாதவர் மோதலுக்குப் போனார், அவ்வளவுதான் நான் பார்த்தது. உடல்நலத்துக்காகப் பழகுபவர்களுக்கு அந்த மோதல் தேவையே இல்லை. பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், 24 வாரம் தாய்ச்சி பழகியவர்கள், வெறுமனே தசை நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாகவே கீழே விழுந்தார்கள்.

போதிதர்மரைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. காஞ்சியிலிருந்து போய் மூன்று கலைகளையும் அவரே கற்றுக்கொடுத்தார் என்று கட்டுரை முடிகிறது. அது உண்மையாக இருந்தால் என்னைவிட மகிழ்பவர் இருக்க முடியாது. ஆனால் அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது, மற்றொன்று தென்னிந்தியர் என்கிறது. இரண்டிலும் சண்டைக் கலை பற்றி ஒரு சொல் இல்லை. அவர் பெயரில் வழங்கும் தசைநாண் பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டில் உருவானது என்பது ஆய்வாளர்கள் காட்டியது. மாவாங்துய் ஓவியமோ அவருக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கும் மேல் முந்தியது. தியான நெறிக்காக அவரைச் சீனர்கள் இன்றும் முதல் குருவாக வணங்குகிறார்கள். அந்தப் பெருமையைச் சொன்னாலே போதுமே.

அடுத்த இதழில் படக் குறிப்பையும் 'சி'யின் பொருளையும் திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். அதோடு இன்னொன்று. முழங்கால் வலி உள்ளவர்கள் முதல் பக்கப் படத்தில் இருப்பது போல் தாழ்ந்து நிற்கலாம் என்று கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. நானும் முழங்கால் வலிக்காகத்தான் கீழ்த்தளத்துக்குப் போனேன். முதல் மாதம் ஆசையில் அப்படித் தாழ்ந்து நின்று, மூன்று வாரம் மாடிப்படி ஏற முடியாமல் கிடந்தேன். அவர்கள் உயரமாகவே நிற்கட்டும். முழங்கால் கால்விரல்கள் காட்டும் திசையிலேயே இருக்கட்டும், விரல் நுனியைத் தாண்டி முன்னே போக வேண்டாம். இதை மட்டுமாவது தயவுசெய்து பெரிய எழுத்தில் போடுங்கள்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தோ பாயோ, சிங்கப்பூர்